கவிழாத கோப்பைகள்

அன்பு மகன் யெப்புக்கு, நானும் உன் தங்கை பொதிலும் இரண்டு பசுக்களும் சுகம். பிரெஞ்சுக்காரர்களின் கைதி முகாமில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். என் வலது கை வெந்து கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல பொதில் எழுதுகிறாள். இந்த ஜெர்மன் ஆட்சியில் பள்ளியில் ஜெர்மன் மட்டுமே கற்றவள், ஆனாலும் நம் டேனிஷில் பிழை விடமாட்டாள். நான் திட்டிய இரண்டு சொற்களை மட்டும் நாகரிகமாக மாற்றிவிட்டாள். கடிதம் தணிக்கைக்குப் போகாமல் உன் மாமா கையில் எல்லை தாண்டி டென்மார்க் வழியாகப் போவதால் தைரியமாகச் சொல்கிறேன்.

போருக்குக் குண்டு செய்ய வீடு வீடாகச் செம்பு பறித்த ஜெர்மன் அதிகாரிகள் இப்போது ஊர்க்கூடத்தின் பெரிய செம்புக் காப்பிக் கெண்டியைக் கேட்கிறார்கள். டேனிஷ் பேசுகிறவர்கள் கூட்டம் போட எந்த விடுதியும் இடம் தராதபோது நாமே கட்டிய கூடம், மது உரிமமும் கிடைக்காமல் அந்தக் கெண்டியை நம்பித்தான் இத்தனை வருடம் கூடினோம். உன் அப்பாவை அடக்கம் செய்த அன்றும், உன்னை ஜெர்மன் படைக்கு இழுத்துப்போன அன்றும் அதில்தான் காப்பி. அது குண்டாகி இன்னொருத்தி பிள்ளைமேல் விழ நான் சம்மதிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காவலர் க்ரூஸ வந்தபோது பதினான்கு பெண்கள் மேசையைச் சுற்றி வறுத்த பார்லிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கெண்டியை எடுக்க வந்தேன் என்றார். "தாராளமா எடுங்க. ஆனா எல்லாரும் குடிச்சு முடிக்காம மேசையில கை வைக்கிற வழக்கம் இங்க இல்ல. குளிர்ல வந்திருக்கீங்க, உட்காருங்க" என்றேன். நம் ஊரில் கோப்பையைக் கவிழ்த்தால்தான் போதும் என்று அர்த்தம், அது பெர்லின்காரருக்குத் தெரியாதே. அவர் காலி செய்து நிமிர்த்தி வைக்க வைக்க, பக்கத்து வீட்டு ஸீனே அத்தை நிரப்பிக்கொண்டே இருந்தாள். நான்காவது கோப்பையில் "எப்பத்தான் முடிப்பீங்க?" என்றார். "உங்களுக்கே இன்னும் தாகம் அடங்கலையே ஐயா" என்றாள். ஏழாவதில் இடைவாரைத் தளர்த்தினார். பொழுது சாய்ந்ததும் 'கெண்டி உபயோகத்தில் உள்ளது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். கெண்டியைத் திரும்பத் திரும்ப அடுப்பில் ஏற்றி இறக்கியதில்தான் கை வெந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு பேரோடு வருவாராம், தராவிட்டால் கூடத்துக்குப் பூட்டு, எனக்குச் சிறை. பாதிரியார் "குடுத்துடு மெத்தே, ஒரு பாத்திரந்தானே" என்கிறார். பிள்ளைகளின் பள்ளியிலிருந்து நம் பேச்சை எடுத்தபோதும் உன்னை எடுத்தபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். இதைக் கொடுக்கமாட்டேன். பக்கத்து ஊர்ப் பெண்களும் சேர்ந்து நாற்பது பேர் உட்காரப்போகிறோம். பொதிலும் பள்ளிக்குப் போகாமல் தனக்கொரு கோப்பை வேண்டும் என்கிறாள், கொடுக்கத்தான் போகிறேன்.

ஈரக் காலுறையோடு தூங்காதே. உன் படைச் சட்டையைப் பார்த்து யாராவது ஜெர்மன்காரன் என்றால் நீ யாரென்று சொல். ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உன் இடத்தில் உன் கோப்பையையும் நிமிர்த்தியே வைத்திருக்கிறேன். நீ வந்து குடித்துக் கவிழ்க்கும்வரை யாரும் அந்த மேசையைத் தொட முடியாது.

உன் அம்மா
மெத்தே
(கையெழுத்து மட்டும் இடது கையால் நானே போட்டது)