நாலாம் மாடிக் கடல் தொட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் பிடிக்கிறது, களிம்பு தடவுகிறாள், தடவிவிட்டு அந்தக் கையோடு என் கண்ணாடியை எடுத்துத் தருகிறாள். அங்கே நீ சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கேட்கமாட்டேன். கேட்டால் சுகம் என்பாய், நாலு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதில் எவ்வளவு உண்மை என்று இப்போது எனக்குத் தெரியும். நான் கடுங்கோபத்தில் இருக்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், கத்தினால் நீ வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் எவ்வளவு கத்தினாலும் உன்னால் பாதியில் வைக்க முடியாது.

நீ அனுப்பிய தபால் திங்கட்கிழமை வந்தது. கடல் மீனும் பவளமும் வளர்க்கத் தொட்டி வைக்கப்போகிறேன், வரைபடம் போட்டிருக்கிறேன், குழாய் வேலை சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டம் போட்ட தாள், ஒரு கட்டத்துக்கு அரையடி, கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஜன்னல் எங்கே, குழாய் எங்கே, பிளக் பாயிண்ட் தரையிலிருந்து எத்தனை அங்குலம், ஒன்று விடாமல் நான் உனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபடியே குறித்திருந்தாய். வேலை நடக்கிற கட்டடத்துக்கு அதை எடுத்துப்போய்க் கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் காட்டினேன், என் பெண் போட்டது, உங்கள் இன்ஜினீயரைப் போடச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று பீற்றிக்கொண்டேன். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். பாப்பா, அந்தப் படத்தில் இருப்பது உன் வீடு இல்லை. உன் வீடு எனக்குத் தெரியும், தரைத்தளம், இரண்டு படுக்கையறை, சமையலறைக் குழாய்க்கு நானே வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தவன். இது பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை. ஓரத்தில் நாலாம் மாடி, லிப்ட் இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஒரு நாற்காலி. ஒரு கட்டில், அகலம் மூன்றடி. மூன்றடிக் கட்டிலில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் படுக்க முடியாது, இதைக் கண்டுபிடிக்கக் குழாய் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கதவில் இரண்டு தாழ்ப்பாள். ஒன்று பழையது, ஒன்றுக்குப் புதிது என்று எழுதி அம்புக்குறி வேறு போட்டிருக்கிறாய்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். படத்தை அவள் முன்னால் வைத்து இது யார் வீடு என்றேன். ஒரே துண்டை மூன்று தடவை மடித்துப் பிரித்து மடித்தாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நீ அந்த வீட்டை விட்டு வந்து நாலு மாதம் ஆகிறது என்றும், வந்த அன்றைக்கே அம்மாவுக்குச் சொன்னாய் என்றும், அந்த ஆள் அதற்கப்புறம் இரண்டு தடவை உன் வாசலில் வந்து நின்று தெருவே கேட்கக் கத்தினார் என்றும், அதற்குத்தான் இரண்டாவது தாழ்ப்பாள் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். உன் தம்பிக்கும் தெரியுமாம். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஆக இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும், நான் மட்டும் வாரம் ஒருநாள் போனில் மாப்பிள்ளை சௌக்கியமா என்று பல்லை இளித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். நீயும் சலிக்காமல் குளிக்கிறார் என்று சொல்லியிருக்கிறாய். ஒரு மனிதர் இப்படி வாரம் தவறாமல் குளித்துக்கொண்டே இருக்கிறாரே, அந்த வீட்டுத் தண்ணீர் டேங்க் எப்படித் தாங்குகிறது என்று உண்மையாகவே நான் யோசித்திருக்கிறேன். வீடியோவில் பேசும்போதெல்லாம் உன் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். நான் தூங்குமூஞ்சி, கேட்கவில்லை.

இரு, முதலில் தொட்டியைப் பேசிவிடுகிறேன். நீ கேட்டது அதைத்தானே. உன் படத்தில் சிவப்பு மையால் நிறையக் கிறுக்கியிருக்கிறேன், பார்த்து அழாதே. நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம் என்றால் முந்நூற்று நாற்பது லிட்டர். கீழே இருக்கிற சின்னத் தொட்டி, கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். ஒன்பது பெரிய ஆட்கள் ஒரே மூலையில் நகராமல் நிற்கிற மாதிரி. நாலாம் மாடியில், யார் எப்போது கட்டியது என்று தெரியாத கட்டடத்தில், அதுவும் ஜன்னல் பக்கம் உத்தரம் இல்லாத இடத்தில் வைத்திருக்கிறாய். கீழ்வீட்டுக்காரர்கள் உனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? பெரிய தொட்டியில்தான் தண்ணீர் சட்டென்று கெடாது, புதிதாக வைப்பவர்களுக்கு அதுதான் நல்லது என்று நீ பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்தேன், இருக்கட்டும், தரை தாங்கினால்தானே தண்ணீர் கெடுவதும் கெடாததும். மூன்றடியாகக் குறை. உள்சுவரை ஒட்டி வை. ஜன்னல் பக்கம் வைத்தால் வெயில் பட்டுப் பாசி பிடிக்கும், தண்ணீர் சூடாகும், அப்புறம் மீனைக் குழம்பு வைக்க வேண்டியதுதான்.

அடுத்தது கீழ்த்தொட்டி. மேலே இருந்து தண்ணீர் வழிந்து கீழே வந்து, நுரையை எடுக்கிற கருவியில் சுத்தமாகி, மோட்டார் அதைத் திருப்பி மேலே ஏற்றுகிறது, அது வரை சரி, அழகாகப் போட்டிருக்கிறாய். கரண்ட் போனால்? திரும்பி வருகிற குழாயின் வாயை மேல்தொட்டிக்குள் ஓரடி ஆழத்தில் விட்டிருக்கிறாய். மோட்டார் நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திருப்பி இழுக்கும். ஓரடித் தண்ணீர், நூற்றெழுபது லிட்டர், முழுக்கக் கீழே இறங்கும். உன் கீழ்த்தொட்டி மொத்தமே நூற்றுப் பத்து, அதிலும் பாதி ஏற்கெனவே நிறைந்திருக்கும். மிச்சம் எங்கே போகும்? உன் மூன்றடிக் கட்டிலுக்கு அடியில் போகும். நாள் முழுக்க அடுத்தவர் இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து பார்க்கிற லேப் வேலை செய்கிறவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? குழாய் வாயை மேல்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே வை. பிளக் பாயிண்டைத் தொட்டிக்கு நேர் கீழே வைத்தவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒயர் சுவருக்குப் போவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்க வேண்டும், ஒயரைப் பிடித்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. உப்புத் தண்ணீர், பாப்பா. விளையாட்டில்லை.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் பட்டியலில் வால்வு எல்லாம் பிளாஸ்டிக் என்று போட்டிருந்தாய். பிளம்பர் வீட்டுப் பெண் பிளாஸ்டிக் வால்வு போடுவதா என்று அன்றைக்கே கடைக்குப் போய் நல்ல கனமான பித்தளை வால்வு நாலு வாங்கி, நூல் சுற்றி, பெட்டியில் கட்டி, மேல்விலாசமும் எழுதிவிட்டேன். தபாலுக்குப் போகிற வழியில் வளர்ப்பு மீன் கடை. கடைக்காரர் இரண்டு தொட்டியில் கடல் மீன் வைத்திருக்கிறார். அவரிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். அவர் வால்வைக் கையில்கூட வாங்கவில்லை. பித்தளையில் செம்பு இருக்கிறது, உப்புத் தண்ணீரில் அது கரைந்து இறங்கும், மீன் தாங்கினாலும் பவளமும் நத்தையும் இறாலும் செத்துப்போகும், யாருங்க உங்களுக்கு இதைச் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக நல்லது என்று நான் நம்பி எல்லார் வீட்டிலும் போட்டது. அங்கே நல்லதுதான். உன் தொட்டிக்கு விஷம். நீ எழுதியது சரி, நான் படிக்காமல் வாங்கியது தப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், வருகிற வழியெல்லாம் அவர் மேல் கோபம், அப்புறம் என் மேல் கோபம்.

ஏனென்றால் முந்தின நாள் அம்மாவிடம் நான் கடைசியாக ஒன்று கேட்டேன். பெற்ற தகப்பனிடம் சொல்லவேண்டாம் என்று ஏன் இரண்டு பேரும் முடிவு செய்தீர்கள் என்று கத்தினேன், பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. அம்மா துண்டைக் கீழே வைத்துவிட்டு, "உங்ககிட்ட ஒரு தடவ சொன்னா. நீங்க பொறுத்துப் போன்னு சொல்லிட்டு போன வச்சிட்டீங்க. மறுபடியும் எதுக்குச் சொல்லணும்?" என்றாள். எனக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வராததுதான் பெரிய கேவலம். அப்புறம் வந்தது. போன வருஷம், புதுக் கட்டடத்தில் குளியலறைக் குழாய்க்குப் பசை தடவிக் கையில் வைத்திருந்தேன், உடனே சொருகாவிட்டால் இறுகிவிடும். நீ கூப்பிட்டாய். ஒரு நாற்காலியை இடம் மாற்றக்கூட அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது அப்பா, என்னால் இங்கே இருக்க முடியவில்லை என்றாய். நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, எல்லா வீட்டிலும் இருப்பதுதான், கொஞ்சம் அனுசரித்துப் போ, வேலையில் இருக்கிறேன் என்றேன். குழாயைச் சரியாகச் சொருகினேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. சாயங்காலம் உன்னைத் திருப்பிக் கூப்பிடவில்லை.

அதற்கப்புறமும் எட்டு மாதம் அங்கே இருந்திருக்கிறாய். நான் சொன்னதற்காக இருந்தாயா? உன் மேல் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன், நாலு மாடி ஏறி ஒற்றை ஆளாகச் சாமான் தூக்கியிருக்கிறாய், தாழ்ப்பாளை நீயே துளை போட்டு மாட்டியிருக்கிறாய், அந்த ஆள் வாசலில் நின்று கத்தும்போது உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சொல்வதற்கு நான் இடம் வைக்கவில்லை. அது என் தப்பு. இதை நான் உன் அம்மாவிடம்கூட இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நீ அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டாம். யார் வந்து என்ன சமாதானம் பேசினாலும் அப்பா சொல்லிவிட்டார் என்று சொல்.

படத்தில் கட்டிலையும் தாழ்ப்பாளையும் நீ தெரியாமல் போட்டுவிட்டாய் என்று நான் நினைத்தேன். அம்மா இல்லை என்கிறாள். வாயால் சொல்ல முடியாததைப் படமாகப் போட்டு அனுப்பியிருக்கிறாள், உங்களுக்குப் படம்தானே படிக்க வரும் என்கிறாள். எது உண்மை என்று நீ சொல்ல வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. வீட்டுச் சொந்தக்காரரிடம் தொட்டி வைப்பதை எழுத்தில் கேட்டு வாங்கு. குழாய்த் தண்ணீரை ஊற்றாதே, ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டும் என்று மீன் கடைக்காரரும் சொன்னார். கல்லும் மணலும் மட்டும் போட்டு ஆறு வாரம் மீன் இல்லாமல் ஓடவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், நல்லது, அவசரப்படாதே. அந்த வீட்டில் பன்னிரண்டு அடிச் சுவர் சும்மா கிடந்தும் தொட்டி கூடாது என்று சொன்னார்களாமே, அதையும் அம்மாதான் சொன்னாள், இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு ஆறு வாரம் பெரிதில்லை. ஆனால் உப்பு போடுவதற்கு முன் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்து, ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்து பார்க்க வேண்டும். தாளில் பொட்டு விழுந்தால் அந்த இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். மோட்டாரை நிறுத்திக் கீழ்த்தொட்டி வழிகிறதா என்றும் பார்க்க வேண்டும். நான் எந்த வேலையையும் இப்படிப் பார்க்காமல் ஒப்படைத்ததில்லை. நீ வேலைக்குப் போகிறவள், ஒரு நாள் உட்கார உன்னால் முடியாது.

வேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு, உன் தொட்டியில் இருக்கப்போகிற உயிர்களும் நல்லபடியாக இருக்கட்டும், அப்பா அம்மா ஆசி உனக்கு எப்போதும் உண்டு. இரண்டு தாழ்ப்பாளையும் போட்டே வை, குரல் கேட்காமல் திறக்காதே. படத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பில் இருப்பதெல்லாம் திருத்தம், அதில் பேச்சில்லை, அப்படியே செய். தொட்டிக்கும் உன் கட்டிலுக்கும் நடுவில் ஆறடிக்கு இரண்டடியில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன், அது என் பாய். அளந்துதான் போட்டேன், கதவு திறக்க இடிக்காது. வேண்டாம் என்றால் அழித்துவிட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பு, ஏன் என்று கேட்கமாட்டேன். அதை மட்டும் பென்சிலில் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா