தண்ணீர் அஞ்சலி

இன்று காலை கடையில் ஹாலந்து லில்லிப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். காஜிப்பூர் பூ மண்டியிலிருந்து வரும் வழியிலேயே இரண்டு மூன்று பூக்கள் விரிந்துவிட்டிருந்தன. தூக்கும்போது மகரந்தம் என் சட்டைக் கையில் பட்டுக் காவி நிறத்தில் கறையாகிவிட்டது. கடையில் என்னோடு வேலை செய்யும் சுனிதா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். “ருகோ, ருகோ” என்று அவளைத் தடுத்து, செல்லோடேப்பைக் கிழித்துக் கறையின்மேல் ஒட்டி எடுத்தேன். “தேய்க்காதையும். தேய்ச்சா அது உம்மட சட்டையிலயே குடியிருந்திடும்” என்று பாரிஸில் நீங்கள் சொல்லிக் கொடுத்தது. கறை போய்விட்டது. நான்தான் வெகுநேரம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இத்தனை நாள் உங்களுக்கு எழுத உட்காரவே எனக்கு முகமில்லை.

சிங்கப்பூரில் நடந்த மலர் அலங்காரப் பயிலரங்கில்தான் நாம் சந்தித்தோம். அந்தக் கூடத்தில் தமிழ் பேசியவர்கள் நாம் இருவர் மட்டுமே. டெல்லியில் கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்பவள் நான். யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ் போய்ப் பூக்கடை வைத்தவர் நீங்கள். ஒத்த வயது. நான் ‘அச்சா, அச்சா’ என்று தலையாட்டும்போதெல்லாம் நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் என்னை ‘நீர்’ என்றதும் நான் ஏதோ குடிக்கக் கேட்கிறீர்கள் என்று பாட்டிலை நீட்டினேன். ஊருக்குத் திரும்பிய பிறகு நீங்கள் எனக்குத் தமிழில் செய்தி அனுப்பத் தொடங்கினீர்கள். நான் குரல் பதிவாகவே பதில் சொன்னேன். “ஏன் நீர் எழுதுறேல்ல?” என்று ஒருநாள் கேட்டீர்கள். “கையில எப்பவும் ஈரங்க, டைப் பண்ண முடியல” என்றேன்.

உண்மை வேறு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அம்மா நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கு டெல்லி வந்தவள். வீட்டில் பேச்சு தமிழ்; பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவேன். பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்பினால் நானும் திருப்புவேன். நாற்பது வயதுவரை அப்படியே சமாளித்துவிட்டேன். உங்கள் செய்திகளைப் போனில் ஒரு பொத்தானை அழுத்தி வாசிக்கவைத்துத்தான் கேட்டேன். தமிழ்ப் பேராசிரியர்போல நீங்கள் என்னிடம் புதுச் சொற்களைப் பற்றிப் பேசும்போது ‘ஆமாங்க, படிச்சிருக்கேன்’ என்று சொல்லியும் இருக்கிறேன்.

அந்த வருடம் கல்யாண சீசன் முடிந்ததும் ஐரோப்பாவுக்கு வந்தேன். முதலில் ஹாலந்தில், சிங்கப்பூரில் நம்மோடு இருந்த மரைக்கேயின் வீடு. அவள் தன் நண்பர்களான பூ அலங்காரக்காரர்களைக் கூட்டிவைத்து என்னை மல்லிகைச் சடை பின்னிக் காட்டச் சொன்னாள். எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் பாரிஸ் ரயிலில் ஏறினேன்.

உங்கள் கடை சின்னது. வாசலில் ரோஜா வாளிகள், உள்ளே யூகலிப்டஸ் தழை வாசம், சுவரில் சாமி படங்கள். நான் வந்த மறுநாளே ஒரு மகளும் மகனும் வந்தார்கள். அவர்களுடைய அம்மா இறந்திருந்தார். வெள்ளை லில்லியில் பெரிய மலர்வளையம் வேண்டும், மேலே தமிழ் எழுதிய ரிப்பன் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை நீங்கள் வேறொரு வேலையாக மொத்தச் சந்தைக்குப் போனீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டே என்னைப் போனில் கூப்பிட்டீர்கள்.

“நான் வரச் சுணங்கும். வளையம் கட்டியாச்சு, ரிப்பன் மட்டும்தான். தங்கப் பேனை மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. ‘அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்’ எண்டு எழுதிவிடும். உம்மட கை நல்ல கையெல்லோ!”

“அதுக்கென்ன, ஜல்தியா முடிச்சிடறேன்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக ‘எனக்கு எழுத வராதுங்க’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனை வாயருகே பிடித்து வாசகத்தைச் சொன்னேன். அது தமிழில் எழுத்தாக்கித் தந்தது. வெளியே தெருவில் லாரி ஒன்று நின்று இரைந்துகொண்டிருந்தது. போன் காட்டிய எழுத்துகளை, ஒரு பூவைப் பார்த்து வரைவதுபோல, வளைவு வளைவாக ரிப்பனில் வரைந்தேன். நீங்கள் அவசரமாக வந்து ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தீர்கள். ‘பேரப்பிள்ளைகள்’ என்ற முனை அது. “முத்து முத்தா இருக்கு” என்று சொல்லிச் சுருட்டி வண்டியில் வைத்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மண்டபத்தில் வளையத்தை நிறுத்தி, ரிப்பனைக் குறுக்கே குத்தி நீவி விட்டேன். பின்வரிசையில் யாரோ ஒருவர் வாசித்தார். பக்கத்திலிருந்தவரின் தோளை இடித்தார். அடக்கிய சிரிப்பொன்று வரிசை வரிசையாக முன்னால் வந்தது. இளைஞன் ஒருவன் போனை எடுத்துப் படம் பிடித்தான். இறந்தவரின் மகள் எழுந்து வந்து ரிப்பனைப் பார்த்தாள்.

“இது என்ன? தண்ணீர் அஞ்சலியோ? எங்கட அம்மாவுக்கு ஆர் இதை எழுதினது?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் முகம் எரிந்தது. அதற்குள் நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள்.

“நான்தான் தங்கச்சி. கண் பிசகிப்போச்சு. பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளும்.”

அவள் உங்களை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கள் பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கிற ஆள் எல்லோ, அக்கா?” என்று மட்டும் கேட்டாள். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ரிப்பனை வெட்டி, மடித்து உங்கள் பைக்குள் வைத்தீர்கள். அத்தனை பேர் பார்த்திருக்க அதைச் செய்தீர்கள். நான் சுவரோரமாக, எவரோ ஒருத்திபோல நின்றிருந்தேன்.

திரும்பும்போது வண்டியில்தான் கேட்டீர்கள். “தெரியாதெண்டு ஏன் சொல்லேல்ல?”

“வெக்கமா இருந்துச்சுங்க.”

“வெக்கப்பட இதுவே கிடைச்சது? என்ர மூத்தவனுக்கும் வாசிக்கத் தெரியாதுதான்.” கொஞ்ச தூரம் போனதும், “நீர் என்னை நம்பி வந்த ஆள். உம்மை அதுக்குள்ள விட்டிட்டு நான் பாத்துக்கொண்டு நிக்கேலுமே?” என்றீர்கள்.

அன்று மாலை புட்டும் மீன்குழம்பும் வைத்தீர்கள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். இன்னும் மூன்று நாள் உங்கள் வீட்டில் இருந்தேன். அந்த மகளின் வீடு நடந்து போகும் தூரம்தான். போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒவ்வொரு நாளும் காலையில் நினைத்தேன். பிறகு உங்களோடு படகுச் சவாரிக்கும் தோட்டத்துக்கும் போனேன்.

டெல்லி வந்ததும் படிக்கத் தொடங்கினேன். அம்மா எழுத்துகளைச் சொல்லித் தந்தாள், பாதிக்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஐ.என்.ஏ. மார்க்கெட்தான். நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் அலமாரி முன்னால் நின்று அப்பளம், பெருங்காயம், புளிக்காய்ச்சல் என்று பாக்கெட் பாக்கெட்டாக எழுத்துக்கூட்டுவேன். “மேடம், கியா சாஹியே?” என்று கடைக்காரர் மூன்று முறை கேட்டுவிட்டு விட்டுவிடுவார். போனில் உங்களிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கடை எப்படிப் போகிறது என்று கேட்டால், “ஓம், நல்லாப் போகுது” என்பீர்கள். ரிப்பனைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு ஒரு மதியம். நிஜாமுதீனில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கணவரின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. பட்டுச் சேலையில் நீங்கள், சுற்றிலும் பூ வரைந்த கரை. கடைக்கு ஏதோ விருது என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தாமல் நானே படிப்போம் என்று எழுத்துக்கூட்டினேன். ம-ர-ண. அடுத்த சொல் அறிவித்தல். அதற்கும் அர்த்தம் ஏறவில்லை. தடையில்லாமல் படிக்க வருகிறதே என்ற மகிழ்ச்சியில் விரைந்து அடுத்த வரிக்குப் போனேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் பாரிஸை வதிவிடமாகவும். அதன்பின் உங்கள் பெயர். கையில் இருந்த கம்பிச் சுருள் ஏணியிலிருந்து கீழே விழுந்தது. நீங்கள் இறந்த செய்தியைப் படித்துக்கொண்டு, படிக்கத் தெரிந்துவிட்டதற்காக நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூளையில் இரத்தக் கசிவு என்றார் உங்கள் கணவர். விசா கிடைக்க நாளாகும் என்பதால் நான் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பேசும்போது, அவராகவே ஆரம்பித்தார்.

“அக்கா, அவவுக்குக் கடை போனாலும் பரவாயில்ல. கொஞ்சக் காலம் சனங்கள் ‘தண்ணிக் கடை’ எண்டு சொல்லிச் சிரிச்சதுகள், அதையும் தாங்கினவ. ஆனா சனிக்கிழமை வகுப்பை விட்டதுதான்...”

“சனிக்கிழமை வகுப்பா? ஏன் விட்டாங்க?”

“பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிச்ச வகுப்பு. அந்தப் படம் எல்லாற்ற போனுக்கும் போயிட்டுது. பிழையா எழுதுற ஆளிட்டயோ பிள்ளையை விடுறது எண்டு ரெண்டு மூண்டு தாய்மார் கேட்டிட்டினம். அதோட அவ போறதை விட்டிட்டா. உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

அவருக்கும் நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

அன்றே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அந்த ரிப்பனை எழுதியது நான், அவருக்கு ஒரு எழுத்தும் பிசகியதில்லை, எனக்குத்தான் எழுத்தே தெரியாது என்று. இந்த மடலை அம்மா திருத்தித் தருவாள். அந்தப் பக்கத்தை அவளைத் தொட விடவில்லை. முப்பத்தோராம் நாள் எல்லோரும் கூடும்போது வாசிக்கும்படி உங்கள் கணவருக்கு அனுப்பினேன். திட்டுவார்கள், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் அவர் கூப்பிட்டார். “வாசிச்சன் அக்கா. ரெண்டு பிழை இருந்தது, திருத்தாம அப்பிடியே வாசிச்சன்.”

“என்ன சொன்னாங்க?”

“எல்லாரும் உங்களைத்தான் புகழ்ந்தவை. டெல்லியில பிறந்து வளந்த ஆள், இந்த வயசில தமிழ் படிச்சு, பிழையை ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறா எண்டு. அந்த மண்டபத்தில கேட்ட பிள்ளையும் வந்திருந்தா. உங்கட நம்பர் கேட்டவ.”

“உங்க மனைவியைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“அவவைப் பற்றி இனி என்ன அக்கா சொல்லுறது? பாவம் எண்டவை.” பிறகு, வேறு ஏதோ பேச்சைத் தொடர்வதுபோலச் சொன்னார்: “வகுப்பு விட்ட பிறகும் சனிக்கிழமையில வழமை போல வெள்ளன எழும்பிக் குளிச்சு, சீலை உடுத்திக்கொண்டு குசினிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்தில கதிரையில இருப்பா. பத்து, பத்தரை ஆனாப் பிறகுதான் மாத்திப்போட்டுக் கடைக்கு வருவா.”

அந்தப் பெண் பிறகு எனக்குச் செய்தி அனுப்பினாள். அன்பான செய்தி. என் தைரியத்தைப் பாராட்டியிருந்தாள். தமிழில்தான் இருந்தது, நானே படித்தேன். அதற்கு என்னால் இன்னும் பதில் எழுத முடியவில்லை. எந்த நேரத்தில் அந்தப் பாராட்டை எடுத்துப் பார்த்தாலும், சேலை கட்டிக்கொண்டு போக இடமில்லாமல் குசினிக் கதிரையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.