மெலனிக்குக் கொடுத்துவிட்ட போத்தல்

டோட்முண்ட்
15.11.1994

அன்பின் மக்டலீன்,

மடு மாதாவின் துணையால் நான் சுகமாக இருக்கிறேன். நீரும் பிள்ளை மெலனியும் எப்படி? என்னை ஏசாமல் இருக்க உமக்கு ஏலாது; இன்று அதற்கு ஒரு காரணமும் தருகிறேன்.

எனக்கு வேலை வீடுகளின் நிலவறைகளில் என்று உமக்குத் தெரியும். பழைய காஸ் மீற்றர்களிலிருந்து சிந்திக் கிடக்கும் பாதரசத்தை உறிஞ்சி எடுக்கிறோம். நேற்றுப் பார்த்தால் என் கலியாண மோதிரம் வெள்ளையாகிவிட்டது! பொன்னை விற்று வெள்ளி வாங்கினான் என்று ஊரெல்லாம் சொல்லாதீர், பாதரசம் பட்டதாம். மேலாளர் பயந்துபோய் டொக்டரிடம் அனுப்பினார். டொக்டர் சொன்னதை, கூட வேலை செய்யும் பென்ஜமின் தமிழில் சொன்னான்.

“அண்ணை, உது மணமில்லாமல் காத்தில கலந்து உள்ள போகுமாம். கை நடுங்குமாம். சின்னப் பிள்ளையளுக்குத்தான் கூட ஆபத்தாம்.”

அதுதான் அவசரமாக இதை எழுதுகிறேன்.

ஆடியில் ஊருக்கு வந்த பீரிஸ் அண்ணையிடம் மெலனிக்கு விளையாட ஒரு சின்னப் போத்தல் கொடுத்துவிட்டேனே, உருண்டோடும் வெள்ளி மணிகள், அது இந்தப் பாதரசம்தான். அதை இறுக மூடி, கிணற்றுக்குத் தூரமாக வெளியே வையும். சிந்தியிருந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர், இன்னும் பரவும். யன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளையோடு அக்கா வீட்டுக்குப் போய், ஆசுப்பத்திரியில் காட்டும்.

பயப்பட ஒன்றுமில்லை. போன கடிதத்தில், அவளுக்கு எழுத்து கோணிக்கோணிப் போகிறது என்று எழுதினீர். தகப்பனைப் போலப் படிப்பில் கள்ளி என்று நானும் சிரித்தேன். இந்த முறை பதிலை நீர் எழுத வேண்டாம். அவளையே நாலு வரி எழுதச் சொல்லும், அந்த எழுத்தை நான் பார்க்க வேண்டும். தபால் கந்தோர் பூட்டப் போகிறது, ஓடுகிறேன்.

உமது
சவிரிமுத்து