கண்ணாடியில் இறங்கிய பனி

அன்புள்ள அம்மாவுக்கு சாராவின் ஸ்தோத்திரம். மலைமேல் நம் கரடியூரில் மழை பிடித்துவிட்டதா? உங்கள் இருமல் தேவலையா? நான் சுகம்.

சென்னை வெயிலுக்குச் செலவில்லாத வழி கண்டுபிடித்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஷாப்பிங் மாலுக்குள் போய், எதுவும் வாங்காமல் சாயங்காலம்வரை ஏசியில் சுற்றுவேன்.

நேற்று வெளியே வந்ததும் கண்முன் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. "பனி எறங்குனா அப்படியே நில்லு கண்ணு, நான் வந்து கையப் புடிக்கறேன்" என்பீர்களே. அந்தப் பழக்கத்தில் வாசலிலேயே நின்று கையை நீட்டிவிட்டேன்! பின்னால் வந்த அம்மாள், "கண்ணாடியத் தொடைச்சுட்டு நடம்மா" என்று சிரித்தார். வெளிப் புழுக்கம் பட்டு மூக்குக்கண்ணாடி வேர்த்திருக்கிறது.

துடைக்க உங்கள் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, மேக்ஸ்வெல் அண்ணன் ஊரிலிருந்து இங்கே வரும்போது கொடுத்தனுப்புங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. அந்தச் சேலைத் துண்டைத் துவைத்துவிடாதீர்கள், அம்மா.

சாரா