தையல் மேசைக்குள்

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை இல்லை. கோதுமை இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்பது போல என் கணவன் ஸ்டூவர்ட் சாப்பாடு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய், டிராக்டர் கொட்டகையின் சிமென்ட் தரையில் போட்டுச் சுத்தியலால் அடித்தான். "சம்பளக் கணக்கு படிச்சு எவனுக்குச் சம்பளம் போடப் போற?"

அவன் அம்மா மெர்ல் தன் அறைச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 10

வாரிக் கொட்டச் சொன்னான். வாரினேன். பெட்டித் தகடும் திரையும் போய்விட்டன. மதர்போர்டில் ஓரமாக ஒரு கீறல், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் முழுசாக இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கோழித் தீவன வாளியில் அடியில் புதைத்தேன்.

என் போனை அவன் தினமும் நோண்டுகிறான். அதில் ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் இரண்டு பாடம்தான் பாக்கி. முடித்தால் வேலை கேட்கலாம். வேலை கிடைத்தால் — போதும், இதற்கு மேல் எழுத வேண்டாம்.

செப்டம்பர் 24, புதன்

புதன்கிழமை மெர்ல் சீட்டாடப் போய்விடுவாள். அவள் அறையில் பழைய தையல் மேசை ஒன்று உண்டு. மெஷினை எப்போதோ கழற்றிவிட்டார்கள். மெஷின் இறங்கி உட்காரும் மரக்குழி மட்டும் காலியாக இருக்கிறது. மேலே மூடியைப் போட்டு, துணியும் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை அறுத்துக் குழியின் அடியில் திருகினேன். போர்டு அதில் படியக் கூடாது, அடியில் காற்று ஓட வேண்டும். திருகுக்குத் திருகு பொத்தான்களை அடுக்கி அதை உயர்த்தி நிறுத்தினேன், மெர்லின் பொத்தான் டப்பாவிலிருந்து. பின்பலகையில் விசிறிக்கு ஓட்டை போட்டேன். செம்மண் தூசி புகாமலிருக்க அதன்மேல் கொசுவலை. பழைய பவர் பட்டன் நசுங்கிவிட்டதால், வேலை செய்யாத வாசல் மணியின் பொத்தானைப் பிடுங்கி இணைத்தேன்.

அழுத்தினேன். விசிறி சுற்றியது.

அப்புறம்தான் உறைத்தது. திரைக்கு எங்கே போவேன்? இந்த அறையில் இருப்பது மெர்லின் டிவி.

அக்டோபர் 1, புதன்

மாட்டிக்கொண்டேன். ஆள் சேரவில்லை என்று மெர்ல் சீக்கிரமே வந்துவிட்டாள். டிவியில் என் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

"தையல் மேசைக்கு எதுக்கு டிவி?"

மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அந்த முத்துப் பொத்தானெல்லாம் என் கல்யாண கவுன்ல இருந்தது."

"மன்னிச்சிடுங்க மெர்ல். அவனுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவான்."

"தெரியும்." கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "அவன் அப்பாவும் அப்படித்தான். நாலு மணிக்கு என் சீரியல் இருக்கு. அதுக்குள்ள முடிச்சுக்க."

அக்டோபர் 22

தாங்க முடியாத வெயில். மேசை மரம் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, விசிறி இரைகிறது. ஸ்டூவர்ட் நடுப்பகலில் வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் கிடைத்த துணியை எடுத்து மடிப்பது போல நின்றேன். டிவியில் சானல் மாறியிருந்தது. மெர்லின் வேலை.

"என்ன சத்தம் அது?"

"என் மூச்சுதான்," என்றாள் மெர்ல். "கிட்ட வந்து கேட்டுப் பாரு. எத்தனை நாள் தாங்கும்னு சொல்லு."

போய்விட்டான். அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

நவம்பர் 3

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இடது கையால் இவ்வளவுதான் எழுத முடியும்.

நவம்பர் 12

பாஸ். மில்டூரா டவுனில் திராட்சை உலர்த்தும் கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. டிவி வழியாகத்தான் இன்டர்வியூ, மெர்ல் வாங்கித் தந்த குட்டிக் கேமராவை அதன்மேல் மாட்டி. "பின்னாடி யாரும்மா?" என்று கேட்டார்கள். "என் மாமியார்," என்றேன். மெர்ல் கையசைத்தாள்.

நவம்பர் 20, வியாழன்

அறுவடை. அவன் இருட்டும்வரை வயலை விட்டு வரமாட்டான். போர்டையும் டிஸ்க்கையும் கழற்றி ரொட்டி டப்பாவில் வைத்தேன். டாக்டரிடம் போவதாகச் சொல்லி, மெர்லே காரை எடுத்தாள்.

பஸ் நிற்கும் இடத்தில் கேட்டேன். "நீங்களும் வந்துடுங்களேன்."

"அவன் நான் பெத்தவன், லீயன்."

"அந்த மேசையை அவன் பாத்தா?"

"அது என் மேசை. நான் ஓட்டை போடுவேன், உடைப்பேன், அவனுக்கென்ன?"

பஸ் வளைவில் திரும்பும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தாள். கையசைக்கவில்லை.

டிசம்பர் 6, சனி

அவன் வயலில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தேன். மெர்ல்தான் எடுத்தாள்.

"தப்பான நம்பர்மா."

வாயை முழுதாகத் திறக்க முடியாதவளின் குரல். வைத்துவிட்டாள்.

போலீஸுக்குப் போன் அடித்தேன். எனக்காக ஒருநாளும் அடித்ததில்லை. அவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார்கள். மாமியார் என்றேன்.

டிசம்பர் 7

மில்டூரா ஆஸ்பத்திரி. மெர்லின் தாடையைக் கட்டியிருக்கிறார்கள். நடைக்கூடத்தில் போலீஸ்காரி சொன்னாள்: "தையல் மேசை ஒண்ணு கோடாலியால பொளந்து கெடந்துது. பக்கத்துலயே இவங்க. ஆனா தானா விழுந்துட்டதா எழுதிக் காட்டுறாங்க."

உள்ளே போய் மெர்லின் கையைப் பிடித்துக்கொண்டேன். போலீஸ்காரியைக் கூப்பிட்டேன்.

"அவங்க எழுதினது இருக்கட்டும். நான் சொல்றேன், எழுதிக்கங்க."

கல்யாணமான வருஷத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மெர்ல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.