வளைகாப்பு வீட்டுக்கு நான் கொண்டுவந்தது

இன்று பிளஸ் டூ வகுப்பில் ஒரு பெண்ணின் கழுத்தில் காலமைன் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் போனதும் அந்த வாடை. அம்மைக்குத் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நாள் ஆகிவிட்டதாம், தழும்புக்காகப் பூசுகிறாளாம். எதிர்ப்புச் சக்திப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டேன். உன் நாற்காலியில் இப்போது கம்ப்யூட்டர் டீச்சர் உட்காருகிறாள்.

நீ நடத்திய பாடம்தான் அது. "கர்ப்பத்துல எதிர்ப்புச் சக்தி குறையும்னு எழுதாதீங்க பிள்ளைகளா, மார்க் போட மாட்டேன். குறையல, மாறுது," என்பாய். பிள்ளையில் பாதி தகப்பன் வகை. தாயின் உடம்புக்கு அது வேற்றாள். அதை அடித்து விரட்டாமல் இருக்க உடம்பு தன் காவலை வேறு மாதிரி நிறுத்திக்கொள்கிறது, அந்த ஏற்பாட்டில் சில கிருமிகளுக்கு வழி கிடைத்துவிடுகிறது. ஏழு மாத வயிற்றைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் என் தோளில் அழுதவள், இப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு எல்லாருக்கும் பாடம் எடுக்கிறாளே என்று.

உன் வளைகாப்பன்று காலை என் மகளைக் குளிப்பாட்டும்போது அவள் முதுகில் இரண்டு கொப்புளம் பார்த்தேன். நீர் கோத்து, பளபளவென்று. விலங்கியல் எடுப்பவளுக்கு அது என்னவென்று தெரியாதா? அம்மை கண்ட வீட்டார் விசேஷ வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது தெரியும். உனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததே இல்லை என்பதும் தெரியும், நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் முதல் வளையலை நான்தான் போட வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவைத்திருந்தாய். நான் வராவிட்டால் உன் நாத்தனார் போட்டுவிடுவாள். மகளுக்கு முழுக்கைச் சட்டையை மாட்டி ஆழ்வார்திருநகரி பஸ் ஏறினேன். நீ அவளை மடியில் உட்கார வைத்துத் தேங்காய்ச் சோறு ஊட்டினாய்.

மறுநாள் அவளுக்கு உடம்பெல்லாம் போட்டுவிட்டது. பள்ளிக்குக் காய்ச்சல் என்று லீவு எழுதினேன். உனக்கு அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து நாளைக்குள் போட்டால் அம்மையின் வேகத்தைத் தணிக்க ஊசி உண்டு. தினமும் போனை எடுத்தேன், தினமும் வைத்தேன். உன் மாமியார் திட்டுவாரே என்ற பயம். அவ்வளவு மலிவான பயம்.

இரண்டு வாரம் கழித்து நீயே கூப்பிட்டாய்.

"ஏட்டி, எனக்கு அம்மை போட்டிருக்கு. எங்கன இருந்து வந்துச்சோ தெரியல."

"பஸ்ஸுல யார்ட்டயாவது ஒட்டிருக்கும்," என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போணும்ங்கேன், அத்தை விட மாட்டேங்காவ. அம்மன் வந்திருக்கா, ஊசி போட்டா கோவிச்சுக்கிடுவாளாம். நீ வந்து சொல்லேன். நீ சொன்னா கேப்பாவ."

வருகிறேன் என்றேன். வரவில்லை. வந்தால் உன் மாமியார் என் மகளைப் பற்றிக் கேட்பார். மூன்று நாள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, மூச்சுத் திணறிய பிறகுதான் உன்னைப் பாளையங்கோட்டைக்குத் தூக்கி வந்தார்கள். அதற்குள் அம்மை நுரையீரலுக்குப் போயிருந்தது. வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள், அது பிழைத்தது. நீ அதைப் பார்க்கவில்லை.

உன் மகளுக்கு ஆறு வயது. மாசம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். உன் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நாந்தான் அவளக் கொன்னுட்டேன்," என்கிறார். உன் கணவர் அவரிடம் பேசி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டை அம்மா முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

போன மாதம் உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்ச பிள்ளை. நீயாவது அன்னைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதாம்மா?"

"வந்து சொன்னேனே அத்தை. நீங்கதான் கேக்கல."

அவருக்கு இப்போது எதுவும் சரியாக நினைவில் நிற்பதில்லை.

"ஆமா, சொல்லிருப்பே. நாந்தான் பாவி, கேட்டிருக்க மாட்டேன்," என்று என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உனக்கு இதை எழுதுவதும் அந்தக் கைதான்.