நான் நகலெடுக்க மறுத்த உயில்

கொல்லம் ஆண்டு 1113, மிதுனம் 4

விடிந்ததிலிருந்து மழை. அப்பா திருடுகிறார். சொந்த மகளிடமிருந்து. இந்தத் தெருவில் அதற்கு உயில் என்று பெயர்.

நகலெடுக்கச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குக் கை நடுக்கம். வெளியாள் கண்ணில் படக் கூடாதாம். இந்தக் கரமனை வீடு எனக்கு, ‘சர்வ சுதந்திரமாய்’. தாலி இழந்து திரும்பி வந்து, ஆறு வருஷமாக எங்களுக்குப் பொங்கிப் போடும் ஜானகி அக்காவுக்கு ‘அன்னவஸ்திரம்’. சோறு, புடவை. மாட்டுக்கு வைக்கோல் என்பதுபோல.

“வீட்டிலே அக்காவுக்கு ஒண்ணும் இல்லையாப்பா?”

“நீ இருக்கறச்சே அவளுக்கென்னடா குறை?”

“நான் செத்துட்டா?”

“அபசகுனமாப் பேசாதே!”

உயில் எழுதுகிற மனுஷர் சொல்கிறார்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மிதுனம் 5

தூறல். குடை ஆபீஸிலேயே தங்கிப் போயிற்று.

ரிஜிஸ்தர் கச்சேரி குமாஸ்தா மாதவன் நாயரிடம் விசாரித்தேன். அப்பா சம்பளத்தில் கட்டிய வீடு, யாருக்கும் எழுதலாம். இரண்டு சாட்சி போதும். பாட்டன் வழி வயல் மட்டும் அவர் இஷ்டத்துக்கு வராது. அவன் வீட்டில் சொத்து பெண்கள் வழி; அக்கா தங்கைக்குத்தான். சிரிக்கிறான். “எங்க வீடு பெங்கள்மாருக்காக்கும். ஞான் அங்கே விருந்துக்காரன், கேட்டோ சாமி!”

ஒரே ஊர், ஒரே மழை. அவன் அக்கா வீட்டுக்காரி. என் அக்கா சமையற்காரி.

மிதுனம் 7

பழவங்காடியில் வாங்க: புளி, மண்ணெண்ணெய், நிப்பு.

அப்பா தானே நகலெடுக்கிறார். மூன்று தாள் பாழ்.

அக்கா: “எனக்காகச் சண்டை போடாதேடா. நாளைக்கு உன் ஆம்படையா வந்து எழுந்திருன்னு சொல்ல முடியாத ஒரு மூலை. பின்கட்டு போறும்.”

“அப்படிச் சொன்னா நான் சும்மா இருப்பேனா?”

“இருப்பே.” சிரித்துக்கொண்டே அரிசி களைந்தாள்.

இருப்பேன்தான். அதனால்தான் எழுத்தில் வேண்டும்.

மிதுனம் 9

வெயில்! கொடித் துணியெல்லாம் காய்ந்தது.

நேற்றும் தாள் பாழ். காலையில் அப்பா கூப்பிட்டார். “எழுது. பின்கட்டும் கிணறும் ஜானகிக்கு.” எழுதினேன். என் கையெழுத்து இத்தனை அழகாக வந்ததே இல்லை. மத்தியானம் சக்கப் பிரதமன், பலாப்பழப் பாயசம். என்ன விசேஷம் என்று அக்காவை யாரும் கேட்கவில்லை. இரண்டு தம்ளர் குடித்தேன். அப்பா மூன்று.

சாயங்காலம் கடைசி வரி சொன்னார்: ‘அவள் ஆயுள் பரியந்தம் மட்டும்.’ குடியிருக்கலாம். விற்க முடியாது, யாருக்கும் கொடுக்க முடியாது.

“எனக்குச் சர்வ சுதந்திரம், அவளுக்கு ஆயுள் மட்டுமா? அவளுக்கும் அதையே போடுங்கோப்பா.”

பதிவுக்கு நல்ல நாள் தேடிப் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.